டெக்சாஸில் விற்கும் ஹெம்ப் பொருட்கள்: நாங்கள் நேரில் பட்ட அனுபவங்கள்

தொடக்கப் பதிவு – ஃபிரிஸ்கோ, டிசம்பர் 2025

கஞ்சாவுக்குத் தடை உள்ள மாநிலத்தில், கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சி கலந்த மிட்டாய் எப்படிக் கடையில் விற்கிறது என்று ஒரு முறையாவது நான் யோசித்திருந்தால், கடந்த ஜூன் மாதம் எங்கள் வீட்டில் நடந்தது நடந்திருக்காது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு வயது 68. முழங்கால் வலி அவருக்குப் பல ஆண்டுத் துணை. அலுவலகத்தில் ஒருவர், இது வலிக்கு நன்றாகக் கேட்கிறது என்று சொன்னதை நம்பி, வீட்டுக்கு அருகிலுள்ள கடையில் ஒரு பாக்கெட் கம்மி (மெல்லும் ஜெலட்டின் மிட்டாய்) வாங்கி வந்தேன். பாக்கெட்டின் முன்பக்கத்தில் 'ஹெம்ப்' என்ற எழுத்து பெரிதாக இருந்தது. பின்பக்கத்தில் 'ஒரு துண்டில் டெல்டா-9 டிஎச்சி 10 மில்லிகிராம்' என்று பொடி எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. அம்மா ஒன்று சாப்பிட்டார். அரை மணி நேரம் கழித்தும் வலி அப்படியே இருந்ததால் இன்னொன்றையும் சாப்பிட்டார். சாப்பிடும் வகையில் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரவு ஒன்பது மணிக்குச் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "தம்பி, சுவர்க் கடிகாரம் தள்ளிப் போய்க்கிட்டே இருக்குடா" என்றார். நாடித்துடிப்பு 128. நச்சு முறிவு உதவி மையத்தின் 1-800-222-1222 என்ற எண்ணை அழைத்தோம். மறுமுனையில் இருந்த செவிலியர், அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையின் பெயரையும் பாக்கெட்டில் இருந்த ஒவ்வொரு வரியையும் கேட்டறிந்து, படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லி, இரவில் இரண்டு முறை தாமே அழைத்து விசாரித்தார். விடியும் வரை அம்மாவின் கையை நான் விடவில்லை.

அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 2018 டிசம்பரில் கையெழுத்தான நடுவண் அரசின் வேளாண் சட்டம், உலர்ந்த எடையில் டெல்டா-9 டிஎச்சி (டிஎச்சியின் முதன்மை வகை) 0.3 விழுக்காட்டைத் தாண்டாத கஞ்சாச் செடியையும் அதிலிருந்து எடுப்பவற்றையும் 'ஹெம்ப்' என்று வரையறுத்து, போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. டெக்சாஸ் 2019 ஜூனில் எச்பி 1325 என்ற சட்டத்தால் அதே வரையறையை ஏற்றது. உழவர்களின் பயிரை மனத்தில் வைத்து எழுதிய இந்த விழுக்காட்டை மிட்டாய்க்குப் பொருத்திப் பாருங்கள்: நான்கு கிராம் எடையுள்ள ஒரு கம்மியில் 0.3 விழுக்காடு என்பது 12 மில்லிகிராம். என் அம்மா சாப்பிட்ட பத்து மில்லிகிராம் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. கொலராடோவில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடையில் ஒரு வேளைக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவும் இதே பத்துதான்.

பாக்கெட்டில் இருந்த கியூஆர் குறியை நான் மறுநாள் திறந்து பார்த்தபோது வந்த ஆய்வகச் சான்றிதழின் தொகுப்பு எண்ணும், பாக்கெட்டில் அச்சிட்டிருந்த எண்ணும் பொருந்தவில்லை. எந்தக் கடை என்று சொல்ல விரும்பவில்லை. வாங்குகிறவர்கள் கடையில் நிற்கும்போதே அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

அதே 2025 ஜூன் 22ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் வேளையில், போதை தராத கூறுகளான சிபிடி, சிபிஜி தவிர மற்ற கஞ்சாக் கூறுகள் உள்ள ஹெம்ப் பொருட்கள் எல்லாவற்றையும் தடை செய்யும் எஸ்பி 3 மசோதாவை ஆளுநர் கிரெக் ஆபட் வீட்டோ அதிகாரத்தால் நிறுத்தினார். துணை ஆளுநர் டான் பேட்ரிக் பெரிதும் முன்னின்று நடத்திய மசோதா அது. பிறகு கூட்டிய இரண்டு சிறப்புக் கூட்டத் தொடர்களிலும் தடை நிறைவேறவில்லை. தடையே வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வீரியமுள்ள பொருளை மிட்டாய் வரிசையில் வைத்து விற்கவிட்டு ஆறு ஆண்டுகள் கடத்தியது பெரும் பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் பாக்கெட்டுகளை ஊருக்குப் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் டிஎச்சி இருக்கிறது. இங்குள்ள வரையறை அங்கே செல்லாது.

மறுமொழி – ஆஸ்டின்

அண்ணா, உங்கள் அம்மா நலமாக இருப்பதே பெரிய ஆறுதல். நீங்கள் கொலராடோவைக் குறிப்பிட்டதால், என் கொழுந்தனாருக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

2023 குளிர்காலத்தில் நண்பர்களுடன் கொலராடோவுக்குப் பனிச்சறுக்கு விளையாடச் சென்றவர், அங்கே உரிமம் பெற்ற கடையில் பத்துத் துண்டுகள் கொண்ட ஒரு பாக்கெட் வாங்கி, பிரிக்காமலேயே காரில் கொண்டு வந்தார். டெக்சாஸின் அமரில்லோ நகருக்கு வடக்கே அதிவேகத்துக்காக நிறுத்தினார்கள். பை திறந்திருந்தது, பாக்கெட்டின் மேல் கொலராடோவின் டிஎச்சி முத்திரை தெரிந்தது. டெக்சாஸ் சட்டத்தில் இது இலையாகக் கருதப்படும் கஞ்சா அல்ல. பிரித்தெடுத்த டிஎச்சி இரண்டாம் தண்டனைப் பிரிவில் வருகிறது. அந்தப் பிரிவில் எடை என்பது உள்ளே இருக்கும் டிஎச்சியின் எடை மட்டும் அன்று. சர்க்கரை, ஜெலட்டின் என்று கலந்த அனைத்தையும் சேர்த்தே நிறுக்கிறார்கள். ஒரு துண்டு மூன்று கிராம் வீதம் மொத்தம் 30 கிராம். நான்கு முதல் 400 கிராம் வரை இரண்டாம் நிலைப் பெருங்குற்றம். தண்டனை இரண்டு முதல் இருபது ஆண்டுகள்.

நீங்கள் போட்ட கணக்கையே எங்கள் வழக்கறிஞரும் போட்டுக் காட்டினார். பத்து மில்லிகிராமை நான்கு கிராமால் வகுத்தால் 0.25 விழுக்காடு, மூன்று கிராமால் வகுத்தால் 0.33. துண்டுக்கு ஒரு கிராம் சர்க்கரை குறைவாக இருந்ததால், கடையில் விற்கும் பொருளும் சிறைக்கு அனுப்பும் பொருளும் வேறு வேறாகிவிட்டன.

விசா வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால், தீர்ப்பை ஒத்திவைத்து, நன்னடத்தைக் காலம் முடிந்ததும் வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு ஒன்று டெக்சாஸில் உண்டு. கேட்பதற்குக் கருணையாகத் தோன்றும். ஆனால் குடிவரவுச் சட்டம் அப்படி ஒப்புக்கொண்டதையும் தண்டனை பெற்றதாகவே எடுத்துக்கொள்கிறது. அவர் அதில் கையெழுத்துப் போட இருந்த நாளுக்கு முந்தைய மாலை, குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும் கேட்டுவிடலாம் என்று என் மாமியார் பிடிவாதமாக நின்றதால்தான் தப்பித்தோம். ஆய்வக அளவீட்டில் இருந்த பிழை வரம்பைச் சுட்டிக்காட்டி வாதாடி, பதினான்கு மாதங்களுக்குப் பிறகு வழக்கு கைவிடப்பட்டது. இடையில் மாமனாரின் அறுபதாம் கல்யாணம் திருச்சியில் நடந்தது. திரும்பி வர விசா முத்திரை கிடைக்குமா என்ற அச்சத்தில் கொழுந்தனார் போகவில்லை. அலைபேசியில் பார்த்தபடி அட்சதையை இங்கேயே போட்டார்.

மறுமொழி – சுகர் லேண்ட்

நான் கல்லாவின் மறுபக்கத்தில் நிற்பவன். பீர் விற்கும் உரிமம் உள்ள ஒரு சிறிய கடையில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மேலே சொன்ன இருவரின் வேதனையும் எனக்குப் புரிகிறது. எங்கள் பக்கமும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

2025 செப்டம்பர் 1 அன்று, கஞ்சாக் கூறுகள் கலந்த வேப் (ஆவியாக இழுக்கும்) கருவிகள் அனைத்தையும் அலமாரியிலிருந்து எடுத்தோம். எஸ்பி 2024 என்ற எண்ணுள்ள மாநிலச் சட்டம் அவற்றை விற்பதை ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. கம்மிக்கும் பானத்துக்கும் அந்தத் தடை இல்லை என்பதை வாடிக்கையாளருக்கு விளக்குவதற்குள் தொண்டை வறண்டுவிடும். செப்டம்பர் 10 அன்று ஆளுநரின் நிர்வாக ஆணை வந்தது. அதன் பின் மது உரிம ஆணையம் அவசர விதியைப் போட்டது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றால் கடையின் பீர் உரிமமே போய்விடலாம். அதற்கு முன் மாநிலச் சட்டத்தில் இவற்றுக்கு வயது வரம்பே இல்லை என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு முதியவர் வருவார், முன்னாள் படைவீரர். ஐந்து மில்லிகிராம் பானம் நான்கு டப்பா மட்டும் வாங்குவார். இதைக் குடித்தால்தான் இரவில் கத்தாமல் தூங்குவதாக அவர் மனைவி ஒரு நாள் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். மருத்துவர் வழியே கஞ்சா மருந்து பெறும் மாநிலக் கருணைப் பயன்பாட்டுத் திட்டம், எச்பி 46 என்ற சட்டம் வந்த பிறகு, நாள்பட்ட வலிக்கும் விரிவாகியிருக்கிறது என்று அவரிடம் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வெள்ளியும் வந்தார்.

2025 நவம்பர் 12 அன்று, அரசுத் துறைகள் முடங்கியிருந்ததை முடித்து வைத்த நடுவண் நிதிச் சட்டத்திலேயே ஹெம்பின் வரையறையை மாற்றிவிட்டார்கள். டெல்டா-9 மட்டும் இனிக் கணக்கு இல்லை. எல்லா வகை டிஎச்சியையும் கூட்டி, ஒரு பாக்கெட்டுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பத்துக் கம்மி உள்ள எங்கள் பாக்கெட்டில் இருப்பது 100 மில்லிகிராம். சட்டத்தில் எழுதியிருக்கும் தேதி 2026 நவம்பர் 12. அதற்குப் பிறகு அண்ணனின் அம்மா சாப்பிட்ட அதே பாக்கெட் நடுவண் சட்டத்தின் கண்ணில் கஞ்சா. விசாவில் இருப்பவர்கள் வீட்டு அலமாரியில் மிச்சம் இருப்பதை அந்தத் தேதிக்கு முன் பார்த்து அகற்றிவிடுங்கள்.

எங்கள் முதலாளி அடுத்த கோடைக்குப் பிறகு சரக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். அந்த முதியவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும்.