விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்புகளைக் கண்டறிவது எப்படி?

அச்சகக்காரர் எழுதியது:

வணக்கம். எங்கள் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், ஸ்டிக்கர் ஆகிய வேலைகளுக்குப் பயன்படும் கணினி பென்டியம் 4 செயலியும் 1 ஜிபி நினைவகமும் கொண்டது. அதில் 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3 உடன் இருக்கிறது. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7, அதனுடன் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருத் தொகுப்பு, ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரின் மென்பொருள் ஆகிய மூன்றும் அதில் தொல்லையின்றி ஓடுகின்றன. எழுத்துருத் தொகுப்பு, பாரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் இணைப்பு வாயில்) செருகும் ஹார்டுவேர் லாக் (உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு கருவி) இருந்தால் மட்டுமே திறக்கும்.

வாடிக்கையாளர்கள் இப்போது பிடிஎஃப், டாக்எக்ஸ் கோப்புகளாகவே அனுப்புகிறார்கள் என்பதால், பிடிஎஃப் படிக்க ஒரு மென்பொருள், ஒரு ஆஃபிஸ் தொகுப்பு, ஒரு பிரவுசர் ஆகியவற்றை நிறுவ முயன்றேன். ஒன்று "நாட் எ வேலிட் வின்32 அப்ளிகேஷன்" என்று சொல்லி நின்றுவிட்டது. இன்னொன்று, நிறுவிய பிறகு திறக்கும்போது, கெர்னல்32 டிஎல்எல் கோப்பில் ஏதோ "புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்" இல்லை என்கிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-இல் பெரும்பாலான தளங்கள் திறப்பதே இல்லை. வேறு கணினியில் இறக்கி, புதிதாக வாங்கிய 64 ஜிபி பென்டிரைவில் கொண்டுவந்தால், எக்ஸ்பி அதை ஃபார்மேட் செய்யச் சொல்கிறது.

எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு எக்ஸ்பிக்குக் கடைசி என்பதை எப்படித் தெரிந்துகொள்வது, அதை நம்பகமாக எங்கே பெறுவது என்பதே என் கேள்வி. புதிய கணினி வாங்கும் ஆலோசனையை நானே எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன். அதைத் தவிர்த்துப் பதில் தந்தால் நன்றி.

நிரலாளன் எழுதியது:

வணக்கம் ஐயா. இரண்டு பிழைச் செய்திகளுக்கும் காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொரு இஎக்ஸ்இ கோப்பின் தலைப்பகுதியிலும், அது ஓடுவதற்குத் தேவையான விண்டோஸின் குறைந்தபட்சப் பதிப்பு எண் எழுதப்பட்டிருக்கும். எக்ஸ்பியின் உள் எண் 5.1, விஸ்டாவினுடையது 6.0, விண்டோஸ் 7-இனுடையது 6.1. விஷுவல் ஸ்டுடியோ 2012 முதல், நிரலர் தனியாக மாற்றாவிட்டால் அந்த இடத்தில் 6.0 என்றே எழுதப்படுகிறது. ஆகவே எக்ஸ்பி அந்தக் கோப்பைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே நிராகரித்துவிடுகிறது. இரண்டாவது செய்தி, அந்த வாயிலைக் கடந்து உள்ளே வந்த பிறகு எழுவது. விஸ்டாவில்தான் முதன்முதலில் சேர்க்கப்பட்ட ஒரு செயல்கூற்றை மென்பொருள் கேட்கிறது. எக்ஸ்பியின் கெர்னல்32-இல் அது கிடையாது. இணையத்தில் சிலர் வேறு கணினியிலிருந்து அந்த டிஎல்எல் கோப்பை எடுத்து மாற்றி வைக்கச் சொல்வார்கள். அதைச் செய்ய வேண்டாம். கணினி துவங்காமலே போகக்கூடும்.

கடைசிப் பதிப்பைக் கண்டறிய நான் பின்பற்றும் வழி, முன்னிருந்து தேடாமல் பின்னிருந்து தேடுவது. மென்பொருளின் வெளியீட்டுக் குறிப்புகளில் எக்ஸ்பி ஆதரவு நீக்கப்பட்டது என்ற வரி எந்தப் பதிப்பில் வருகிறது என்று பார்த்து, அதற்கு முந்தைய வரிசையை எடுத்து, அந்த வரிசையில் கடைசியாக வந்த திருத்தப் பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, லிப்ரெஆஃபிஸ் 6.0 முதல் விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 கட்டாயமானது. ஆகவே உங்களுக்குரியது 5.4 வரிசை, அதிலும் 5.4.0 அல்ல, பிழைகள் திருத்தப்பட்ட 5.4.7. லிப்ரெஆஃபிஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் தன் எல்லாப் பழைய பதிப்புகளையும் தனிக் காப்பகத்தில் வைத்திருக்கிறது.

பிரவுசரில் ஃபயர்பாக்ஸ் 52 இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவு) வரிசையின் 52.9.0 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூனில் வந்த அதுதான் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் மொசில்லா தந்த கடைசிப் பதிப்பு. ஃபயர்பாக்ஸ் 49 முதல் கேட்கப்படும் எஸ்எஸ்இ2 என்ற செயலி வசதி பென்டியம் 4-இல் உண்டு என்பதால் உங்களுக்குத் தடையில்லை. குரோம் 49-உம் எக்ஸ்பியில் ஓடும். ஆனால் அது 2016-இலேயே நின்றுவிட்டது என்பதோடு, தளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களைச் சரிபார்க்க விண்டோஸின் பட்டியலையே நம்பியிருக்கிறது. ஃபயர்பாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலையும் குறியாக்க நூலகத்தையும் தன்னுடனேயே சுமந்து வருகிறது. எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 டிஎல்எஸ் (இணையத் தொடர்பைக் குறியாக்கும் நெறிமுறை) 1.0-ஐத் தாண்டாத நிலையில், அதே கணினியில் ஃபயர்பாக்ஸ் 52 டிஎல்எஸ் 1.2 தளங்களைத் திறப்பது இதனால்தான். தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது பல பழைய கருவிகள் தடுமாறின. புதிய மூலச் சான்றிதழ் ஃபயர்பாக்ஸில் 50-ஆம் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டதால் ஃபயர்பாக்ஸ் 52 தப்பித்தது.

பிடிஎஃப் படிக்க சுமாத்ராபிடிஎஃப் 3.1.2 போதும், எக்ஸ்பிக்கு அதுவே கடைசி. காணொளி தேவையானால் விஎல்சியின் 3.0 வரிசை எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-ஐ ஏற்கிறது. இவை அனைத்தையும் உருவாக்கியவர்களின் தளங்களிலிருந்தே பெறலாம். "பழைய பதிப்புகள் இங்கே கிடைக்கும்" என்று பெரிய பச்சைப் பொத்தானோடு அழைக்கும் தளங்களுக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. மொசில்லாவின் காப்பகத்தில் ஒவ்வொரு பதிப்போடும் சரிபார்ப்புத் தொகைகள் (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டுபவை) அடங்கிய கோப்பும் இருக்கும். நீங்கள் இறக்கும் கணினி விண்டோஸ் 10 ஆனால், கட்டளைச் சாளரத்தில் செர்ட்யூட்டில் கட்டளையைக் கொடுத்து, எஸ்எச்ஏ256 தொகையை அந்தக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெய்நிகர் எழுதியது:

நிரலாளன் சொன்னவை சரியே. இருந்தாலும், இருபது ஆண்டு பழைய வன்பொருளை நம்பிப் பதிப்புகளைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, விண்டோஸ் 10 கணினி ஒன்றில் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் எக்ஸ்பியை ஏற்றி, பேஜ்மேக்கரை அங்கே ஓட்டுவது பாதுகாப்பானது என்பது என் கருத்து. பிடிஎஃப், டாக்எக்ஸ், மின்னஞ்சல் எல்லாவற்றையும் வெளியிலுள்ள விண்டோஸ் 10 பார்த்துக்கொள்ளும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம்.

அச்சகக்காரர் எழுதியது:

நல்ல யோசனைதான் நண்பரே. ஆனால் ஹார்டுவேர் லாக் பாரலல் போர்ட்டில் இருக்கிறதே? யுஎஸ்பியிலிருந்து பாரலலுக்கு மாற்றும் கேபிள் கடையில் கிடைக்கிறது. அதில் லாக்கைச் செருகினால் வேலை செய்யுமா?

பழுதுநீக்குநர் எழுதியது:

செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேபிள்கள் விண்டோஸின் பார்வையில் யுஎஸ்பி பிரிண்டர் ஒன்றை இணைப்பதற்கானவை. பாரலல் போர்ட்டையே உருவாக்கித் தருவதில்லை. பழைய லாக்குகள் பிரிண்டர் டிரைவர் வழியாகப் பேசுவதில்லை. போர்ட்டின் முகவரியான 378-க்கு நேரடியாக எழுதி, அங்கிருந்து வரும் விடையைப் படித்துப் பார்க்கின்றன. அந்த முகவரியில் யாரும் இல்லையென்றால் மென்பொருள் திறக்காது. பிசிஐ அட்டை வடிவில் வரும் பாரலல் போர்ட்கள் சில வேளை ஒத்துழைக்கும், ஆனால் அவற்றின் முகவரி பெரும்பாலும் வேறாக இருக்கும். ஆகவே மெய்நிகர் அவர்களின் வழி பேஜ்மேக்கருக்குப் பொருந்தும், உங்கள் எழுத்துருத் தொகுப்புக்குப் பொருந்தாது. எக்ஸ்பி பெட்டி அப்படியே இருக்கட்டும்.

பென்டிரைவ் விஷயம் எளிது. 64 ஜிபியும் அதற்கு மேலும் கொள்ளளவு உள்ளவை பொதுவாக எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. எக்ஸ்பி அதைத் தானாகப் படிக்காது. கேபி955704 என்ற இணைப்பைப் போட்டால்தான் படிக்கும். 16 அல்லது 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து வைத்துக்கொள்வது இன்னும் சுலபம். "ஃபார்மேட் செய்யவா?" என்ற கேள்விக்கு அவசரத்தில் யெஸ் கொடுத்துவிடாதீர்கள், வாடிக்கையாளரின் பென்டிரைவாக இருந்தால் வம்பு.

ஃபயர்பாக்ஸைப் போட்ட பிறகும் எல்லாத் தளங்களும் சான்றிதழ்ப் பிழை காட்டினால், முதலில் திரையின் வலது மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். இந்த வயதுள்ள மதர்போர்டுகளில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை மின்சாரம் நின்று வரும்போதும் ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். அந்தத் தேதியில் எந்தச் சான்றிதழும் இன்னும் பிறந்தே இருக்காது. பேட்டரியை மாற்றினால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, எதையும் புதிதாக நிறுவுவதற்கு முன், ஹார்டு டிஸ்கை முழுமையாக ஒரு இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்து வெளியே வையுங்கள். குளோன்சில்லா சிடியிலிருந்து துவக்கி எடுக்கலாம். அந்த ஐடிஇ டிஸ்க் போய்விட்டால், லாக் கையில் இருந்தும் மென்பொருள் இருக்காது.

எழுத்துமாற்றி எழுதியது:

தமிழ் பற்றி யாரும் சொல்லாததால் சேர்க்கிறேன். வாடிக்கையாளர் அனுப்பும் டாக்எக்ஸ் கோப்பு யூனிகோடில் இருக்கும். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. உங்கள் எழுத்துருக்கள் 8-பிட் குறியேற்றத்தில் அமைந்தவை. எனவே லிப்ரெஆஃபிஸில் திறந்து நகலெடுத்து பேஜ்மேக்கரில் ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். இடையில் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற குறியேற்ற மாற்றி ஒன்று தேவை. உங்கள் எழுத்துருத் தொகுப்பு டேப், டாம், பாமினி, அல்லது தனக்கென ஒரு முறை என்று எதைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதற்குரிய மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். தனி முறையாக இருந்தால், தொகுப்போடு வந்த மாற்றி நிரலே உதவும்.

இன்னொன்று: எக்ஸ்பியில் தமிழ் யூனிகோடு சரியாகத் தெரிய, கன்ட்ரோல் பேனலில் ரீஜினல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, லாங்குவேஜஸ் தாவலில் காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற பெட்டியில் குறியிட வேண்டும். அது எக்ஸ்பி சிடியிலுள்ள ஐ386 கோப்புறையைக் கேட்கும். அதைச் செய்யாவிட்டால் "கொ" என்ற எழுத்தில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று வாடிக்கையாளரிடம் திரும்பக் கேட்கத் தோன்றும்.

பழைய பிஎம்டி (பேஜ்மேக்கர்) கோப்புகளை என்றாவது அடோபியின் இன்டிசைனுக்கு மாற்ற நினைத்தால், அவற்றைத் திறக்கக்கூடிய கடைசிப் பதிப்பு சிஎஸ்6. அதற்குப் பின்வந்த சிசி பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளை ஏற்பதில்லை. அதாவது, நிரலாளன் சொன்ன "கடைசிப் பதிப்பு" என்ற கணக்கு கோப்பு வடிவங்களுக்கும் பொருந்தும்.

அச்சகக்காரர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. டிஸ்க் இமேஜ் எடுத்த பிறகே தொடங்கினேன். ஃபயர்பாக்ஸ் 52.9.0, சுமாத்ரா 3.1.2, லிப்ரெஆஃபிஸ் 5.4.7 மூன்றும் நிறுவப்பட்டு ஓடுகின்றன. லிப்ரெஆஃபிஸ் திறக்கச் சற்று நேரமாகிறது என்பதைத் தவிரக் குறையில்லை. ஸ்டிக்கர் வடிவங்களை வரைய இன்க்ஸ்கேப்பையும் போடலாமா? எங்களிடம் 0.48 பதிப்பில் வரைந்த கோப்புகள் நிறைய இருக்கின்றன.

நிரலாளன் எழுதியது:

எக்ஸ்பியை விட்டது இன்க்ஸ்கேப் 1.0, ஆகவே 0.92 வரிசை வரை உங்களுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த ஓர் இடத்தில் கடைசிப் பதிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். 0.91 வரை ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கிட்ட இன்க்ஸ்கேப், 0.92-இல் அதை 96 ஆக மாற்றியது. பழைய கோப்பைத் திறக்கும்போது அளவை எப்படிச் சரிசெய்வது என்று அது கேட்கும். அங்கே தவறான விடையைத் தந்தால், 90 மில்லிமீட்டர் ஸ்டிக்கர் 84 மில்லிமீட்டராக வெட்டப்பட்டு வரும். திரையில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. வெட்டும் வேலைக்கு 0.48-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.