பத்துப் பேருக்கு ஒரு வீடு என்றால் இரவு ஷிப்டை யார் பார்ப்பது?

திண்ணை:
நூறு பேரை வரிசைக் கட்டிலில் வைத்திருக்கும் முதியோர் இல்லங்களை, பத்துப் பன்னிரண்டு பேர் வாழும் வீடுகளாக மாற்றியே ஆகவேண்டும். 2003இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து டுபெலோ நகரில், மருத்துவர் பில் தாமஸின் யோசனைப்படி 'கிரீன் ஹவுஸ்' வீடுகள் இப்படித்தான் தொடங்கின. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு குளியலறை, நடுவில் எல்லோரும் உட்காரும் ஒரே சாப்பாட்டு மேசை, கண்ணெதிரே சமையலறை. சமையல், துணி துவைத்தல், குளிப்பாட்டுதல் எல்லாம் அதே பராமரிப்பாளர்கள். தினமும் அதே முகங்கள் பார்ப்பதால், ஒருவர் நேற்றைவிட இன்று விழுங்கத் திணறுகிறார் என்பது அப்போதே கண்ணில் பட்டுவிடும்.

கணக்குப்பிள்ளை:
நோக்கம் நல்லது. ஆள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் வீட்டில் பகல் 16 மணி நேரம் இருவர், இரவு 8 மணி நேரம் ஒருவர் என்றால் வாரத்துக்கு 280 மணி நேர வேலை. ஒருவருக்கு வாரம் 40 மணி நேரம் என்றால் 7 பேர். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி எல்லாம் சேர்த்தால் 8 பேர் இல்லாமல் முடியாது. அப்போதும் இரவில் ஒற்றை ஆள்தான். படுத்த படுக்கையாக இருப்பவர்களில் பலரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். கனத்த உடம்பைத் தனியாளாக இழுத்தால் விரிப்பில் உரசித் தோல் கிழியும். படுக்கைப்புண்ணுக்கு அதுவும் ஒரு காரணம். இழுத்தவர் இடுப்பும் போகும். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் கழிவறையில் விழுந்தால்? பெரிய இல்லத்தில் அடுத்த வார்டிலிருந்து ஓடிவர ஆள் உண்டு.

திண்ணை:
அதற்காகத்தான் நான்கைந்து வீடுகளை ஒரே வளாகத்தில் கட்டச் சொல்கிறேன். இரவு நர்ஸ் ஒருவர், கூடுதல் ஆள் ஒருவர், எல்லா வீட்டுக்கும் பொது. அழைப்பு மணி பக்கத்து வீட்டிலும் ஒலிக்கட்டும். படுக்கையிலிருந்து குளியலறை வரை கூரையில் தண்டவாளம் போட்டு, தூக்கும் கருவியைக் கட்டும்போதே பொருத்திவிடுங்கள். பிறகு போட நினைத்தால் கதவு நிலைக்கு மேலே சுவரை உடைக்க வேண்டிவரும்.

விழுவதைக் குறைக்கவும் வழி உண்டு. தலையணையில் தலை சாய்த்தபடியே கழிவறைத் தொட்டி கண்ணில் பட வேண்டும். காலைக் கீழே வைத்ததும் தரையோரம் மங்கலான விளக்கு தானாக எரிய வேண்டும். மறதி நோய் உள்ளவர் கதவைத் தேடி அலைவது பாதி குறையும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் தேடுவதற்கு ஒரு காரணம் இல்லாமல் போகும்.

மருந்துப்பெட்டி:
இருவரும் கட்டடத்தையே பேசுகிறீர்கள். சின்ன வீட்டில் உண்மையான ஆபத்து, ஒரே ஆள் பல வேலை பார்ப்பது. அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு மாத்திரை எடுப்பவரை நடுவில் யாராவது கூப்பிட்டால், மாத்திரை ஆள் மாறிவிடும். மருந்து தள்ளுவண்டியே வேண்டாம். ஒவ்வொருவர் அறையிலும் பூட்டிய சிறு அலமாரி இருக்கட்டும். அந்த அறையில் நின்றே எடுத்து, கொடுத்து, அங்கேயே குறிக்க வேண்டும். மருந்து நேரத்தில் அடுப்பு இன்னொருவர் பொறுப்பு.

வெந்நீரிலும் கவனம். தொட்டியில் வெந்நீரை 60 டிகிரியில் வைக்காமல் வெதுவெதுப்பாக விட்டால், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். அந்த 60 டிகிரியிலேயே குழாயில் வந்தால் முதியவரின் தோல் சில நொடிகளில் வெந்துவிடும். குளியல் குழாய்க்கு அருகிலேயே வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் வால்வு வைத்து 44 டிகிரிக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை தெர்மாமீட்டரால் அளக்கவும் வேண்டும், வால்வு உப்புப் படிந்து இறுகிவிடும்.

கணக்குப்பிள்ளை:
பொது இரவு ஆள் இருந்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விடுகிறது. மீதிப் பாதி இது: தூக்கும் கருவி இருந்தாலும், அதன் பட்டையை உடம்புக்கு அடியில் செலுத்தப் பலருக்கு இரண்டு பேர் வேண்டும். பக்கத்து வீட்டு ஆள் இங்கே வந்தால், அவர் திரும்பும்வரை அவருடைய வீடு ஆளில்லாமல் கிடக்குமே? இன்னொன்று, வீட்டைச் சிறிதாக்கிவிட்டு அதிகாலை 5 மணிக்கு எழுப்பிக் குளிப்பாட்டினால் அதுவும் பழைய இல்லமேதான்.

மருந்துப்பெட்டி:
5 மணிக்கு எழுப்புவது யாருடைய கெட்ட குணத்தாலும் அல்ல. காலை ஷிப்ட் வருவதற்குள் எல்லோரையும் தயாராக்கி ஒப்படைக்கச் சொல்வதால்தான். காலை 7 முதல் 11 வரை குறுகிய ஷிப்டில் ஒருவரைக் கூடுதலாகப் போடுங்கள். கண் விழித்தவரை விழித்த நேரத்தில் குளிப்பாட்டலாம்.

திண்ணை:
அப்படியானால் வாரத்துக்கு இன்னும் 28 மணி நேரம், 308 ஆகிறது. அதைச் சேர்த்தே திட்டம் போடுவோம். ஆளில்லாமல் கிடக்கும் வீட்டுக்கு என் பதில்: கூடுதல் ஆள் எந்த வீட்டுக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது, வளாகத்தின் நடு வீட்டில் இருந்தபடி அழைத்த இடத்துக்கு அவர்தான் போக வேண்டும்.