மந்திரிமனை எந்தக் காலத்தது? அதைக் காப்பது யார் பொறுப்பு?

கேள்வி (நல்லூர்வாசி):
யாழ்ப்பாணத்து நல்லூரில், பருத்தித்துறை வீதியில், சங்கிலியன் தோப்புக்கு அருகில் உள்ள மந்திரிமனையைச் சங்கிலிய மன்னனின் மந்திரி வாழ்ந்த இல்லம் என்று சொல்லக் கேட்டே வளர்ந்தோம். அதன் முகப்பு வளைவுகளையும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களையும் பார்த்தால் அரசர் காலத்துக் கட்டடமாகத் தெரியவில்லை. தொல்லியற் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்பும் அது சிதைந்துகொண்டே போவது ஏன்?

பதில் (கட்டடக்கலை பயில்பவர்):
தங்கள் ஐயம் நியாயமானது. நல்லூர் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. பின்னர் ஆட்சியிடமும் யாழ்ப்பாண நகருக்கு மாறியது. இப்போதுள்ள முகப்பில் ஐரோப்பியச் சாயலும் நம்மூர் மரவேலையும் கலந்திருப்பதால், மனை இருந்த நிலம் பழையதாயினும் கட்டடம் பிற்காலத்தது என்று கொள்வதே பொருத்தம். மனைக்கு அடியில் சுரங்கப்பாதை உண்டு என்று சொல்லப்படும் கதையையும் ஆதாரமாகக் கொள்ள இயலாது. நல்லூரில் பழைய கட்டடம் எதுவும் சுரங்கம் இல்லாமல் இருந்ததில்லை போலும்!

சிதைவுக்குச் சட்டத்தைவிடச் சீமெந்தே பெரிய காரணம் என்பேன். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் சுண்ணக்கல் அல்லது முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுப்பப்பட்டு, வயிரமேறிய பனைமரத்து வளைகளும் (உத்திரங்களும்) சிலாகைகளும் தாங்கும் கூரையைக் கொண்டவை. சுண்ணாம்புப் பூச்சு சுவருக்குள் ஏறும் ஈரத்தை மெல்ல வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்பு படிகமாகிக் கல்லையே பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். ஓடு விலகிய இடத்தில் மாரிமழை இறங்கினால் முதலில் உளுப்பது சுவருக்குள் செருகியிருக்கும் வளையின் தலைப்பு; அது போனால் கூரையோடு சுவரின் மேற்பகுதியும் சரியும். ஆகவே, முகப்புக்கு வெள்ளையடிப்பதற்கு முன் கூரை ஓடுகளையும் மழைநீர்ப் பீலியையும் சீர்செய்ய வேண்டும்.

பதில் (சட்டத்தரணி):
மேலே எழுதியவர் சட்டத்தை எளிதில் விடுவித்துவிட்டார். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியிலுள்ள கட்டடத்தையும் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கலாம். அதன்பின் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ திருத்தவோ இயலாது. ஆனால் அறிவித்தல் கைவைப்பதைத் தடுக்குமே தவிர, ஒழுகும் கூரைக்குத் தானாகப் பணம் ஒதுக்காது. உரிமையாளர் தம் விருப்பப்படி திருத்தவும் முடியாமல், திணைக்களமும் தொடங்காமல் மழைக்காலங்கள் கழிகின்றன.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சீதனமாகவும் முதுசமாகவும் (பரம்பரைச் சொத்தாகவும்) பங்கு பங்காகக் கைமாறிய காணிகளில் பங்காளர் ஒருவர் கனடாவிலும் இன்னொருவர் இலண்டனிலும் இருப்பர். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி, பங்கை வெளியாருக்கு விற்பதற்கு முன் மற்றப் பங்காளருக்கு அறிவிக்க வேண்டும். இதனால் ஒரு கையொப்பத்துக்கே ஆண்டுகள் செல்லும்.

நல்லூர்வாசி:
இருவருக்கும் நன்றி. நடு முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய எங்கள் பாட்டனாரின் நாற்சார் வீடும் நான்கு பேருக்குப் பொதுவானது. தொல்லியற் சின்னமாக அறிவிக்கப்படாதது. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் (கட்டடக்கலை பயில்பவர்):
முதலில் தலைவாசல், திண்ணை, முற்றம், அறைகள் அனைத்தையும் அளந்து வரைபடமாக்கி, ஒவ்வொரு வளையின் தலைப்பையும் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு வேலை பழகிய மேசன்மார் இன்னும் ஒரு சிலர் இருக்கின்றனர். மாரி தொடங்குமுன் அவர்களில் ஒருவரை அழைத்துக் கூரையைக் காட்டுங்கள். சட்டத்தரணி ஐயா சொன்ன கையொப்பங்கள் வரும்வரை கூரை ஓடுகளை மாற்றுவதற்குப் பங்காளர் எவரும் மறுப்புச் சொல்லமாட்டார் என்றே நினைக்கிறேன்.