‘உடற்றேற்றி’யா, ‘மீட்சிநோக்குச் சேர்மமா’: பெப்டைடு ஊசிகளுக்கான கலைச்சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் தொகுக்கும் கலைச்சொற் பட்டியலில், தசை, மூட்டு, தசைநாண் காயங்களிலிருந்து விரைவாகத் தேறலாம் என்று சொல்லி உடற்பயிற்சிக் கூடங்களிலும் இணையக் கடைகளிலும் விற்கப்படும் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) ஊசி போன்ற பொருள்களுக்கு ‘உடற்றேற்றி’ என்பதைப் பொதுப்பெயராகக் கொள்ளலாம் என்ற முன்மொழிவை நான் ஏற்கவில்லை. சொல் நல்ல சொல்தான். ‘காய்ச்சல் விட்டு உடம்பு தேறிவிட்டது’ என்ற பேச்சு வழக்கோடும் இயல்பாக ஒட்டுகிறது. ஆனால், சித்த மருத்துவத்தில் மருந்துப் பொருள்களின் இயல்பைக் கூறும் குணபாட நூல்களில் அது மூலிகைச் செய்கைகளுள் ஒன்றின் பெயராக ஏற்கெனவே நிலைபெற்றிருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்தால், தலைமுறைகளாகப் பழகிய மூலிகைகள்மேல் நம் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை, எந்த ஒப்புதலும் பெறாத ஓர் ஊசிக்குக் கைமாறிவிடும்.

இதைவிடப் பெரிய தடை சொல்லின் ஈற்றில் இருக்கிறது. வலிநீக்கி, மயக்கமூட்டி என்று இகர ஈறு கொடுத்து நாம் ஆக்கும் பெயர்கள், அந்தப் பொருள் அந்த வேலையைச் செய்கிறது என்று உறுதி கூறுபவை. வலிநீக்கிக்கு அந்த உறுதி பொருந்தும். பிபிசி-157 என்ற 15 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுக்கு அது பொருந்தாது. அதைப் பற்றிய சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிடம் நடந்த சோதனைகளிலிருந்து வந்தது, மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் மிகச் சில, அவையும் சிறியவை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022இல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. மறு ஆண்டே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம், மருந்தகங்கள் கலந்து தயாரிப்பதில் பாதுகாப்புச் சிக்கல் எழக்கூடிய பொருள்களின் வரிசையில் அதை வைத்தது. ஆகவே, பயனை உறுதி கூறாமல் நோக்கத்தை மட்டும் சொல்லும் ‘மீட்சிநோக்குச் சேர்மம்’ என்பதை முன்மொழிகிறேன். இலங்கை நண்பர்கள் தம் பாடநூல் வழக்கின்படி ‘மீட்சிநோக்குச் சேர்வை’ என்று எழுதினாலும் பொருள் கெடாது.

பெப்டைடு என்பதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘குறும்புரதம்’ என்றால் படிப்பவர் மனம் நேராகப் புரோட்டீன் பவுடருக்குப் போய்விடும். ‘புரதத்துணுக்கு’ என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 9 அமினோ அமிலங்களே கொண்ட ஆக்சிடோசின் தன்னளவில் முழுமையான ஹார்மோன், அது எதன் துணுக்காகவும் வேலை செய்வதில்லை. பள்ளிப் பாடநூலிலும் பெப்டைடு என்றே இருக்கிறது, மருத்துவர் காதிலும் அதுவே விழப்போகிறது. அதற்கு முன்னால் வரும் அடைமொழியில்தான் நாம் கவனம் செலுத்த வேண்டும். எலும்புத் தேய்வுக்குத் தரப்படும் டெரிபாரடைடு, நீரிழிவுக்குத் தரப்படும் செமாகுளூடைடு போன்றவை ‘பெப்டைடு மருந்துகள்’; பிபிசி-157 ‘ஒப்புதலற்ற பெப்டைடு’. வளர்ச்சி ஹார்மோன் சுரப்பைத் தூண்டும் இபுடாமோரென் பெப்டைடே அன்று, ஆனால் இவற்றோடு சேர்த்தே விற்கப்படுகிறது. இரத்தச் சர்க்கரையை உயர்த்தவும் கூடும். நீரிழிவு உள்ள ஒருவர் அதையும் ‘பெப்டைடு’ என்றே மருத்துவரிடம் சொன்னால் அவர் கேட்க வேண்டிய கேள்வி மாறிப்போகும். சேர்மம் என்ற அகன்ற சொல் வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

பெயர் மங்கலாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் எசெண்டன் கால்பந்துக் கழக ஊக்கமருந்து வழக்கை நினைவுபடுத்த விரும்புகிறேன். 2012 பருவத்தில் வீரர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களில் ‘தைமோசின்’ என்றே குறித்திருந்தது. தைமோசின் ஆல்ஃபா-1 என்பது 28 அமினோ அமிலங்கள் கொண்டது, தைமோசின் பீட்டா-4 என்பது 43 கொண்டது. இரண்டும் வேறு வேறு பொருள்கள், பின்னது விளையாட்டில் தடைசெய்யப்பட்டது. வீரர்களுக்கு ஊசியில் போடப்பட்டது எது என்பதே வழக்கின் முதன்மையான கேள்விகளுள் ஒன்றானது. விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2016 சனவரியில் 34 வீரர்களுக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது. நம் சொற்பட்டியலிலும் ஆல்ஃபா, பீட்டா, எண் ஆகியவற்றைப் பெயரின் பகுதியாகவே பதிய வேண்டும். இடம் போதவில்லை என்று சுருக்கக் கூடாது.

தமிழ் எழுத்தில் எழுதும்போது வரும் இடர்களையும் பட்டியலின் முகப்பிலேயே சொல்லிவிடலாம். தைமோசின் பீட்டா-4ஐ ஒட்டி உருவாக்கப்பட்ட ஒரு பொருளைக் கடைகளில் டிபி-500 என்கிறார்கள். ‘டிபி ஊசி போட்டுக்கொண்டேன்’ என்று ஒருவர் சொன்னால் நம்மூர் மருத்துவர் காசநோயைத்தான் நினைப்பார். ‘மி.கி.’, ‘மை.கி.’ என்ற சுருக்கங்கள் கையெழுத்தில் ஒன்றுபோலவே தெரியும், அளவிலோ ஆயிரம் மடங்கு வேறுபாடு. மில்லிகிராம், மைக்ரோகிராம் என்று முழுமையாகவே எழுத வேண்டும் என்று விதி வைத்துவிடுவோம். யூ-100 வகை இன்சுலின் சிரிஞ்சில் 100 யூனிட் என்பது ஒரு மில்லிலிட்டர் கொள்ளளவை மட்டுமே காட்டுகிறது. குப்பியில் எத்தனை மில்லிகிராம் தூள் இருந்தது, அதில் எவ்வளவு நீர் கலந்தார்கள் என்பது தெரியாமல் ‘பத்து யூனிட் போட்டேன்’ என்று சொன்னால் மருத்துவரால் எதையும் கணக்கிட முடியாது. எனவே ‘யூனிட்’ என்ற பதிவின் விளக்கத்தில் இந்த இரண்டு விவரங்களையும் கேட்கும் ஒரு வரி இருக்க வேண்டும். குப்பியையோ அதன் சீட்டின் படத்தையோ மருத்துவரிடம் எடுத்துச் செல்லுமாறும், புற்றுநோய் வந்திருந்தால் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுமாறும் அங்கேயே எழுதலாம். பிபிசி-157 விலங்குகளில் புதிய இரத்தக் குழாய்கள் உருவாவதைத் தூண்டுவதாக ஆய்வுகள் காட்டுவதால், அந்த நோயாளிகள் விஷயத்தில் அது கவலைக்குரியது.

குப்பிச் சீட்டுகளில் அச்சிடப்படும் எச்சரிக்கை வாசகத்துக்கு ‘ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்க்கு அன்று’ என்றும், ‘ஆய்வுக்கு மட்டும், உடலில் செலுத்தக் கூடாது’ என்றும் இரண்டு வடிவங்கள் வந்திருக்கின்றன. முன்னது ஆங்கில மூலத்துக்கு நெருக்கமானது, பின்னது யாருக்கும் உடனே விளங்குவது. நான் பின்னதன் பக்கம் சாய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் அதையே பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்