ஜோன் சதர்லாந்தின் குரல்: கேட்டவர்களின் அனுபவங்கள்

1990 அக்டோபர் 2ஆம் நாள் இரவு நான் சிட்னி ஓபரா மாளிகையில் இருந்தேன். வேலையின் பொருட்டு அந்நகருக்குச் சென்று ஓராண்டுகூட நிறைவடைந்திருக்கவில்லை. உடன் பணியாற்றியவரின் மனைவிக்கு உடல்நலம் குன்றியதால் மிஞ்சிய நுழைவுச்சீட்டு எனக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பாடகி சதர்லாந்து முழுநீள ஓபராவில், அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தில், பாடுவது அன்றுதான் கடைசி என்பதே அரங்கினுள் சென்ற பின்னர்தான் தெரிந்தது. இசையமைப்பாளர் மேயர்பேரின் 'லே உகனோ' மிக நீண்ட பிரெஞ்சு ஓபரா. அதில் அவர் ஏற்ற அரசி மார்கரீத், இரண்டாம் அங்கத்தில்தான் மேடைக்கு வருகிறாள். அப்போது அவருக்கு வயது 63. நீட்டிப் பிடித்த சுரங்களில் குரல் சற்றே ஆடியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் துரிதச் சங்கதிகள் தொடங்கியதும், நம் பாடகர்களின் பிருகாக்களைப் போல ஒவ்வொரு சுரமும் தனித்தனியே உதிர்வதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொற்கள்தாம் பிடிபடவில்லை. பிரெஞ்சு அறியாத என் குறை என்று எண்ணினேன்; அவருடைய உச்சரிப்பு தெளிவற்றது என்பது விமர்சகர்களின் நெடுநாளைய குறை எனப் பிற்பாடு படித்தேன். நிகழ்ச்சியின் முடிவில், சொந்த வீட்டைப் போல வேறில்லை என்னும் பழைய ஆங்கிலப் பாட்டொன்றைப் பாடினார். அதில் ஒரு சொல்லும் எனக்குத் தவறவில்லை.

---

மேலே எழுதிய நண்பருக்கு ஒரு சிறு சேர்க்கை: முழு வேடம் ஏற்றது அன்றுதான் கடைசி, ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று லண்டன் கோவன்ட் கார்டன் ஓபரா அரங்கில், 'டீ ஃப்ளேடர்மவுஸ்' ஓபராவின் விருந்துக் காட்சியில், இத்தாலியப் பாடகர் பவரோட்டி, அமெரிக்கப் பாடகி மெரிலின் ஹார்ன் ஆகியோருடன் விருந்தினராக வந்து பாடி அவர் விடைபெற்றார். 1965இல் அவருடைய ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணக் குழுவில் இளைஞராகச் சேர்ந்து, மூச்சை வயிற்றிலிருந்து தாங்கும் முறையை அவரிடம் கற்றதாகப் பவரோட்டியே சொல்லியிருக்கிறார். அந்த விடைபெறும் காட்சியின் ஒளிப்பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுவே நினைவுக்கு வரும்.

---

நான் மேற்கத்திய வாய்ப்பாட்டு கற்பிப்பவள். அவரை நேரில் கண்டதில்லை. தாயாரைப் போலத் தாமும் மெஸ்ஸோ வகைக் குரல் (பெண் குரல்களில் நடுத்தரமானது) உடையவர் என்றே சதர்லாந்து தொடக்கத்தில் நம்பியிருந்தார். பின்னாளில் கணவரான ரிச்சர்ட் போனிங், பயிற்சியின்போது பியானோவில் சுருதியைச் சொல்லாமலே உயர்த்தி, எட்ட முடியாது என அவர் நினைத்த சுரங்களை எட்டச் செய்தார். ஆயினும் புகழ் உடனே வந்துவிடவில்லை. 1952இல் கோவன்ட் கார்டனில் புகழ்பெற்ற பாடகி மரியா கல்லாஸ் 'நோர்மா' ஓபராவின் நாயகியாகப் பாடியபோது, தோழி குளோதில்தே என்னும் சிறு வேடமே இவருக்குக் கிடைத்தது. 1959 பிப்ரவரி 17 அன்று அதே அரங்கில் 'லூச்சியா' என்னும் ஓபரா நாயகியாகப் பாடிய பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

போனிங்கின் உத்தியை, உச்ச சுரம் என்றாலே தயங்கும் என் மாணவி ஒருத்தியிடம் நானும் கையாண்டேன். சதர்லாந்துக்குச் சுரத்தைக் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் காணும் ஆற்றல் இல்லாததால்தான் அது பலித்தது என்பதை மறந்துவிட்டேன். இவளுக்கு அது இருந்தது. இரண்டாம் முறை உயர்த்தியதுமே பாட்டை நிறுத்தி, "மிஸ், அரைச் சுரம் ஏறிவிட்டது" என்றாள்.