குழந்தைக்கு ஃபுளூ: சிஆர்பி குறைவு என்றால் நிம்மதியா?

கேள்வி: நாலு வயசுக் குழந்தை, இன்ஃபுளுயன்சா ஏ உறுதி. காய்ச்சல் வந்த சில மணி நேரத்தில் எடுத்த சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் ஏறும் ரத்தப் புரதம்) 8 மி.கி/லி. லேசான நோய்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1: கூடாது. சிஆர்பி ஏறத் தொடங்கவே 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். உச்சத்துக்குப் போக 2 நாள் ஆகலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 40-ஐத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாப் பகுதி உள்ளே குழிந்தாலோ, ஆக்சிஜன் 92%க்குக் கீழே போனாலோ, ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் உடனே மருத்துவமனைதான்.

பதில் 2: காய்ச்சல் விட்டு மறுபடி வந்து, சிஆர்பியும் புரோகால்சிடோனினும் (பாக்டீரியா தொற்றில் ஏறும் இன்னொரு ரத்த அளவு) சேர்ந்து எகிறினால் பாக்டீரியா நிமோனியாவைத் தேடணும். லிம்போசைட் (ஒருவகை வெள்ளை அணு) குறைவது ஃபுளூவில் சகஜம். அது மட்டும் பயப்படக் காரணமில்லை.

பதில் 3: கெண்டைக்கால் வலியில் நடக்க மறுத்தால் சிகே (தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) பாருங்கள். தசை அழற்சியில் ஏஎஸ்டியும் (கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் நொதி) ஏறும், கல்லீரல் என்று குழம்பிவிடாதீர்கள். சிறுநீர் கருப்பாகப் போனால் தாமதிக்கவே வேண்டாம்.