பழுப்புச் சளி, மூடிய ஸோவா, செத்த நத்தை: பாறையை எடுத்து வேகவைத்துவிடலாமா?

உப்புநீர்ப் புதியவன்:

வணக்கம். நன்னீர் மீன் ஏழெட்டு வருஷமாக வளர்க்கிறேன், கடல்நீர்த் தொட்டி இதுதான் முதல் தடவை. போட்டு எட்டு வாரம் ஆகிறது. சம்ப்பையும் (வடிகட்டும் துணைத் தொட்டி) சேர்த்தால் தண்ணீர் 150 லிட்டர். காய்ந்த வெள்ளைப் பாறை 15 கிலோ, இரண்டு விரல் உயரத்துக்கு மணல், ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கைப் பிரிக்கிற கருவி), அலை பம்பு இரண்டு, எல்இடி விளக்கு. முதல் ஐந்து வாரம் மூடி போட்டு, பாக்டீரியா பாட்டிலும் அம்மோனியாவும் ஊற்றி சைக்கிள் (கழிவை மாற்றுகிற பாக்டீரியாவை வளர்ப்பது) முடித்தேன். 2 பிபிஎம் அம்மோனியா போட்டால் மறுநாள் அதுவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்த பிறகு, தண்ணீரைப் பெரும்பாலும் மாற்றிவிட்டுத்தான் உயிர்களை விட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு மூடியைக் கழற்றி விளக்கை முழுசாகப் போட்டேன். ஒரு ஜோடி ஆஸலாரிஸ் க்ளவுன் மீன், நான்கு டர்போ நத்தை, பூப்போல விரிகிற ஸோவா இரண்டு கொத்து, அதன் உறவான பாலிதோவா நிறைய ஒட்டிய ஒரு பாறை, ஒரு ஹாம்மர் பவளம். முதல் வாரம் எல்லாம் விரிந்து அழகாக இருந்தது. பத்து நாளாக மணல் மேலும் பாறை மேலும் பழுப்பு நிறத்தில் ஒரு சளி, நூல் நூலாக, நுனியில் குமிழோடு தொங்குகிறது. காலையில் விளக்கு எரிவதற்கு முன் பார்த்தால் பாதி காணாமல் போயிருக்கும், சாயங்காலத்துக்குள் திரும்பப் போர்த்திவிடும். இரண்டு நத்தை செத்துவிட்டன. ஸோவாவும் பாலிதோவாவும் நான்கு நாளாகத் திறக்கவில்லை.

டெஸ்ட்: நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 (பாஸ்பேட் உறிஞ்சும் துகள் போட்டிருக்கிறேன்), கார்பனேட் கடினத்தன்மை 9.9, கால்சியம் 495, மெக்னீசியம் 1540, வெப்பநிலை 26. உப்பு 35 பிபிடி (லிட்டருக்குச் சுமார் 35 கிராம்), வாளியில் கலக்கும்போதே பார்த்துத்தான் ஊற்றுகிறேன். வாரம் 15 லிட்டர் மாற்றுகிறேன். தினமும் ஒன்றரை லிட்டர் ஆவியாகிக் குறைகிறது, அதையும் அதே வாளித் தண்ணீரால் நிரப்பி மட்டம் குறையாமல் வைத்திருக்கிறேன்.

நான் யோசித்திருப்பது: தண்ணீரை முழுசாக மாற்றுவது, பாலிதோவா பாறையை வெளியே எடுத்து வெந்நீரில் வேகவைத்து பிரஷ் போடுவது, அப்புறம் பாசி தின்ன ஒரு நீல டாங் விடுவது. இந்த வாரக் கடைசியில் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

சிப்பி:

மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். அந்தப் பாறையை வேகவைக்காதீர்கள். தயவுசெய்து.

பாலிதோவாவிலும் சில ஸோவாக்களிலும் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. 1971ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் மூரும் ஷோயரும் இதைப் பாலிதோவாவிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற ஒரு பம்பு இருக்கிறது, இந்த நஞ்சு அதில் போய் உட்கார்ந்து, பம்பை வெறும் ஓட்டையாக்கிவிடும். இதயம், தசை, நுரையீரல் எல்லாமே பாதிக்கப்படும். கொதிக்க வைத்தால் அழியாது, ஆவியோடும் நீர்த்துளியோடும் கலந்து காற்றில் வரும். இப்படிப் பாறையை வேகவைத்தும் வெந்நீர் ஊற்றித் தேய்த்தும், பாறையையே தொடாமல் அடுத்த அறையில் இருந்தவர்கள் உட்பட, மூச்சுத்திணறலும் காய்ச்சலுமாக மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் பதிவாகி இருக்கின்றன. எந்தக் கொத்தில் எவ்வளவு நஞ்சு என்று பார்த்துச் சொல்ல முடியாது, நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாறை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். என்றைக்காவது எடுத்தே ஆகவேண்டும் என்றால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவே வேண்டாம், பிரஷ் போட்டுத் தெறிக்க விடக்கூடாது. தொட்ட கை தவறியும் கண்ணுக்குப் போகக்கூடாது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கழுவிய தண்ணீரை அது நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் மூடியிருப்பது ஸோவாவுக்குப் பெரிய விஷயமே இல்லை, மாதக்கணக்கில் மூடியிருந்து திறந்ததையும் பார்த்திருக்கிறேன்.

மணல்திட்டு:

சிப்பி சொன்னதற்கு நூறு சதவீதம் ஆமாம்.

பழுப்பைப் பற்றி: எட்டு வாரத் தொட்டியில் டயாட்டம் என்கிற பழுப்பு நுண்பாசி வருவது சகஜம். புது மணலிலும் பாறையிலும் இருக்கிற சிலிகேட்டைத் தின்று தீர்த்ததும் தானாகப் போய்விடும். எனக்கு ஐந்தாவது வாரம் வந்து எட்டாவது வாரம் போனது. ஒன்றும் செய்யாமல் விடுங்கள்.

நீலத்திரை:

மணல்திட்டு, இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. டயாட்டம் பொடி தூவியது போலப் படியும், கையை அசைத்தால் புழுதி மாதிரி பறக்கும். இவர் சொல்வது நூல், நூல் நுனியில் குமிழ், ராத்திரியில் குறைந்து வெளிச்சத்தில் கூடுவது, மேய்ந்த நத்தை சாவது. கூடவே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டுமே பூஜ்யம். எனக்கு இது டைனோஃப்ளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ, ஒரு செல் நுண்ணுயிர்) என்றுதான் படுகிறது.

உறுதி செய்ய மைக்ரோஸ்கோப் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு ஒரு தெளிவான பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். தண்ணீர் தெளிவாகவே நின்றால் டைனோ இல்லை என்று ஓரளவு நம்பலாம். நூலாகத் திரும்பச் சேர்ந்தால் டைனோ, ஏனென்றால் தனித்தனிச் செல்லாக வடிதாளைத் தாண்டி வந்து மறுபடி கூட்டமாக ஒட்டிக்கொள்வது அதன் குணம்.

பூஜ்யம் என்பது சுத்தத்தின் அடையாளம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நன்னீரிலிருந்து வருகிறவர்கள் இன்னும் அதிகமாக. பவளத்தின் திசுவுக்குள் பாசி வாழ்கிறது, பவளமும் அந்தப் பாசியும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லாமல் பட்டினி கிடக்கும். பாறை மேல் இடம் பிடிக்க வேண்டிய நல்ல பாக்டீரியாவும் சாதாரணப் பச்சைப் பாசியும் அதே பட்டினியில் பின்வாங்கும்போது, குறைந்த உணவில் தாக்குப்பிடிக்கிற டைனோ வந்து அந்தக் காலி இடத்தில் குடியேறுகிறது. காய்ந்த பாறையில் தொடங்கிய புதுத் தொட்டியில் போட்டிக்கு ஆளே கிடையாது, அதனால் அங்கே இன்னும் சுலபம்.

இன்னொன்று. டைனோவில் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்று ஒரு வகை உண்டு, அது பாலிடாக்சினுக்கு நெருங்கிய உறவான நஞ்சுகளையே உண்டாக்கும். நத்தை செத்ததற்கு அது காரணமாக இருக்கலாம்.

ஓதம்:

டைனோவோ டயாட்டமோ, அதற்கு முன்னால் ஒரு விஷயம் என் கண்ணில் உறுத்துகிறது. ஆவியான ஒன்றரை லிட்டரை உப்புத் தண்ணீரால் நிரப்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். ஒன்றரை லிட்டரில் 52 கிராம் உப்பு இருக்கிறது. மூன்று வாரத்தில் அது ஒரு கிலோவைத் தாண்டிவிடும். 150 லிட்டரில் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 7 கிராம் கூடுதல், வாரா வாரம் நீங்கள் மாற்றிய 15 லிட்டர் அதைக் கொஞ்சம் குறைத்திருக்கும். நான் பந்தயம் கட்டத் தயார், தொட்டி 40ஐத் தாண்டியிருக்கிறது. உங்கள் டெஸ்ட் முடிவிலேயே இது தெரிகிறது. எதுவும் டோஸ் பண்ணாத தொட்டியில் கால்சியம் 495, மெக்னீசியம் 1540. இயற்கைக் கடல்நீரில் கால்சியம் 410, 420தான், மெக்னீசியம் 1300 பக்கம். உங்களுடையது இரண்டுமே ஒரே விகிதத்தில், ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி நிற்கிறது. கார்பனேட்டும் கூடவே ஏறியிருக்கிறது. உப்பு மொத்தமாகக் கெட்டியானால்தான் இப்படி வரும்.

வாளியை அளந்தது போதாது, தொட்டியை அளந்து சொல்லுங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் என்றால் 35 பிபிடி அளவுத் திரவம் ஒரு சொட்டு விட்டு முதலில் சரிபார்த்துவிட்டு. முள் ஆடுகிற ஹைட்ரோமீட்டர் என்றால் முள்ளில் குமிழ் ஒட்டியிருந்தால் கூடுதலாகவும், உப்புப் படிந்திருந்தால் குறைவாகவும் காட்டும், அதை நம்பாதீர்கள்.

உப்புநீர்ப் புதியவன்:

ஓதம் அண்ணா, தெரிந்த ஒருவரிடம் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, திரவம் விட்டுச் சரிபார்த்து அளந்தேன். 41. மூன்று தடவை அளந்தேன், மூன்றும் 41. மனசு கேட்கவில்லை, மூன்று வாரமாக அந்த உயிர்களை நான்தான் உப்பில் ஊறவைத்திருக்கிறேன். நன்னீரில் மட்டம் குறைந்தால் அதே தண்ணீரை ஊற்றுவது பழகிப்போய், யோசிக்கவே இல்லை.

நீலத்திரை சொன்ன பாட்டில் சோதனையும் செய்தேன். ஐம்பது நிமிஷத்தில் பழுப்பு நூல் திரும்பச் சேர்ந்துவிட்டது.

பாறையைத் தொடவில்லை. சிப்பிக்கு நன்றி, பாத்திரம் வரை எடுத்து வைத்திருந்தேன். இப்போது உப்பை இன்றைக்கே 35க்கு இறக்கிவிடட்டுமா?

ஓதம்:

இன்றைக்கே வேண்டாம் தம்பி. மூன்று வாரமாக ஏறியதை மூன்று மணி நேரத்தில் இறக்கினால் நத்தையும் பவளமும் தாங்காது. மீன் உப்புக் குறைவதை ஓரளவு சமாளிக்கும், முதுகெலும்பில்லாதவற்றுக்குத் தண்ணீரின் உப்பும் உடம்பின் உப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தினமும் தொட்டித் தண்ணீர் நான்கு லிட்டர் வெளியே எடுத்து, நான்கு லிட்டர் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு 1 பிபிடி இறங்கும். அலை பம்பு இருக்கிற பக்கமோ சம்ப்பிலோ மெதுவாக ஊற்றுங்கள், பவளத்தின் தலையில் நேராக விழக்கூடாது. ஆவியாகும் ஒன்றரை லிட்டருக்கும் ஆர்ஓ தண்ணீர்தான். 35 வர ஆறேழு நாள் ஆகும், ஒவ்வொரு நாளும் அளந்துவிட்டு ஊற்றுங்கள்.

முடிந்தால் தானாக நிரப்புகிற மிதவைக் கருவி ஒன்று வாங்குங்கள். விளக்குக்கும் ஸ்கிம்மருக்கும் கொட்டுகிற பணத்தை விட இது முக்கியம் என்பது என் கருத்து. வாங்கினால் ஆர்ஓ டப்பாவைச் சின்னதாக வையுங்கள், மிதவை சிக்கிக்கொண்டாலும் பத்து லிட்டருக்கு மேல் கொட்டக்கூடாது.

நீலத்திரை:

சரி, டைனோ. இதற்கும் அவசரம் ஆகாது. பாஸ்பேட் உறிஞ்சும் துகளை இன்றே வெளியே எடுங்கள். மீனுக்கு உணவைக் கூட்டுங்கள், ஸ்கிம்மரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நைட்ரேட் 5லிருந்து 10, பாஸ்பேட் 0.05லிருந்து 0.1, இதுதான் நாம் போக வேண்டிய இடம். உப்பு 35க்கு வந்த பிறகு வழக்கமான தண்ணீர் மாற்றத்தைச் சில வாரம் நிறுத்தி வையுங்கள், புது உப்பு போகப் போக டைனோ செழிப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சளியை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, அடர்த்தியான ஃபில்டர் பையில் வடித்து, தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே விடுங்கள். அலங்காரமில்லாத வேலைதான், ஆனால் பலன் தரும்.

விளக்கை அணைத்து மூன்று நாள் இருட்டாக்கச் சொல்வார்கள். உங்கள் பவளம் ஏற்கனவே பலவீனமாக இருப்பதால் நான் இப்போது சொல்லமாட்டேன், வெள்ளை விளக்கைக் குறைத்து நேரத்தை ஆறு மணி நேரமாக்கினால் போதும். யூவி விளக்கு வாங்குவதற்கு முன்னால் எந்த வகை என்று மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ் ராத்திரியில் தண்ணீரில் மிதந்து திரிவதால் யூவி அதைப் பிடிக்கும், ஆம்ஃபிடினியம் என்ற இன்னொரு டைனோ வகை மணலிலேயே கிடப்பதால் யூவியால் ஒன்றும் ஆகாது. உங்களுடையது ராத்திரியில் மறைவதைப் பார்த்தால் முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மணல்திட்டு:

நான் டயாட்டம் என்றது தவறு, நூலையும் குமிழையும் சரியாகக் கவனிக்காமல் எழுதிவிட்டேன்.

நீல டாங் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வேண்டாம். கடையில் மூன்று விரல் அகலத்தில் இருக்கும், வளர்ந்தால் 30 சென்டிமீட்டர். பவளப்பாறைக் கடலில் பரந்து நீந்துகிற மீனுக்கு 150 லிட்டர் ஒரு வாளி மாதிரிதான். டைனோவை அது தின்னவும் செய்யாது. வெள்ளைப்புள்ளி நோய் டாங்குகளுக்கு ரொம்பச் சீக்கிரம் பிடிக்கும், அது உங்கள் க்ளவுனுக்கும் பரவினால் தாமிர மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றவும் முடியாது, நத்தையும் பவளமும் செத்துவிடும். அடுத்து எந்த மீன் வாங்கினாலும் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.

உப்புநீர்ப் புதியவன்:

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். உப்பு ஏழாம் நாள் 35க்கு வந்தது, அதிலிருந்து அசையவில்லை. மிதவைக் கருவி போட்டுவிட்டேன், ஆர்ஓ டப்பா எட்டு லிட்டர். கால்சியம் 425, மெக்னீசியம் 1320, ஓதம் அண்ணா சொன்ன மாதிரியே தானாக இறங்கிவிட்டன. நைட்ரேட் 6, பாஸ்பேட் 0.06.

ஸோவா ஐந்தாம் நாளே ஒரு ஓரமாகத் திறக்க ஆரம்பித்து இப்போது முழுசாக விரிகிறது. ஹாம்மர் பத்து நாள் எடுத்துக்கொண்டது. பாலிதோவா பாறையில் மூன்றில் இரண்டு பங்கு திறந்திருக்கிறது. டைனோ இன்னும் மணலின் ஒரு மூலையில் கொஞ்சம் இருக்கிறது, பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப் ஒன்றில் பார்த்தேன், ஒரு புள்ளியைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறது, ஆஸ்ட்ரியாப்சிஸ் என்றே தோன்றுகிறது, சின்ன யூவி ஒன்று ஓடுகிறது. கண்ணாடியில் முதல் தடவையாகப் பச்சைப் பாசி படிந்திருக்கிறது. மிச்சமிருந்த இரண்டு நத்தையும் ராத்திரியில் அதை மேய்கின்றன, காலையில் கண்ணாடியில் அவை போன தடம் வளைந்து வளைந்து தெரிகிறது. டாங் வாங்கவில்லை.

நீலத்திரை:

பச்சைப் பாசி வந்தது நல்ல செய்தி, அதைத் துடைத்துவிடாதீர்கள். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள், பின்பக்கம் நத்தைக்கு விடுங்கள்.